கரண்ட் போய் வந்தா இந்தப் பெட்டி எழுந்திருக்குமா? ஆலைகளில் ஓடும் குட்டி கம்ப்யூட்டருக்கு லினக்ஸ் 'இமேஜ்' தயாராவது எப்படி?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ஆலை என்று வைத்துக்கொள்வோம். மே மாத மதியம். கரண்ட் போகிறது, பத்து விநாடியில் திரும்ப வருகிறது. லைட் எரியுது, ஃபேன் சுத்துது, மோட்டாரையும் மறுபடி ஓட விட்டாச்சு. ஆனால் பேனலுக்குள் இருக்கும் உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் மட்டும் எழுந்திருக்கவில்லை. சிவப்பு விளக்கு எரிகிறது. பக்கத்தில் இருக்கும் பச்சை விளக்கு கண் சிமிட்டவே இல்லை.

புகைபோக்கி அளவீடு, பாய்லர் வெப்பம், மின்சார யூனிட் என எதைப் பதிவு செய்யச் சொல்லி அதை வைத்தார்களோ, அந்தக் கணக்கு அந்த நிமிடத்தோடு நின்றுபோகிறது. "போர்டு புட்டுக்கிச்சு, வேற வாங்கணும்" என்பார்கள். பெரும்பாலும் போர்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. கெட்டுப்போனது மெமரி கார்டுக்குள் இருந்த லினக்ஸ். அதை எப்படித் தயாரித்தார்கள், எப்படிச் சோதித்தார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அது என்ன குட்டி கம்ப்யூட்டர்?

பிராசசர், ரேம், யுஎஸ்பி, நெட்வொர்க் எல்லாம் ஒரே அட்டையில் இருப்பதால் இதற்கு 'சிங்கிள் போர்டு கம்ப்யூட்டர்' என்று பெயர். இதில் பிரபலமானது ராஸ்பெர்ரி பை. 2012 பிப்ரவரி 29-ல் விற்பனைக்கு வந்தது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில், பிள்ளைகள் கோடிங் கற்றுக்கொள்ளட்டும் என்று யோசித்துச் செய்த கருவி இது. அறிமுகமான மாடலின் விலை 35 டாலர். பள்ளிக்கூடத்துக்குச் செய்ததை தொழிற்சாலைக்காரர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். 2021, 2022-ல் உலகம் முழுக்க சிப் தட்டுப்பாடு வந்தபோது, இதை நம்பி ஓடும் தொழில் நிறுவனங்களுக்குத்தான் முதலில் சரக்கு என்று அந்த நிறுவனமே முடிவெடுத்தது. பொழுதுபோக்குக்கு வாங்குபவர்கள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள்.

இப்போது சென்னை ரிச்சி தெருவில் கேட்டால் ஆரஞ்சு பை, பனானா பை, பீகிள்போன் என்று வகைவகையாகப் பெயர் சொல்வார்கள். பெரும்பாலானவற்றில் இருப்பது உங்கள் கையில் உள்ள போனில் இருக்கும் அதே குடும்பத்து 'ஆர்ம்' பிராசசர். 5 வோல்ட் போதும், பல மாடல்களுக்கு ஃபேன் வேண்டாம், சென்சார் ஒயரை நேராக மாட்ட பின்கள் உண்டு. கும்மிடிப்பூண்டி, தேர்வாய்கண்டிகை சிப்காட்டானாலும் சரி, திருவள்ளூர் பக்கத்தில் காக்களூர் சிட்கோவானாலும் சரி, பழைய மெஷினில் இருந்து அளவீட்டை எடுத்து ஆபீஸ் திரைக்கு அனுப்ப இதைவிடச் சிக்கனமான வழி கிடைப்பது கஷ்டம்.

இன்னொரு காரணம் சட்டம். அதிகம் மாசு ஏற்படுத்தும் 17 வகைத் தொழில்கள் புகை, கழிவுநீர் அளவீடுகளை ஆன்லைனில் தொடர்ந்து அனுப்ப வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014-ல் உத்தரவிட்டது. அளவீட்டைச் சேர்த்து அனுப்பும் 'டேட்டா லாகர்' பெட்டிகள் பலவற்றில் ஓடுவதும் ஆர்ம் சிப், லினக்ஸ்தான். பெட்டி நின்றால் அளவீட்டில் ஓட்டை விழும். ஓட்டை விழுந்தால் ஆலைக்குக் கேள்வி வரும். ஊர்க்காரர்கள் பக்கம் இருந்து பார்த்தால், அந்த நேரத்தில் புகைபோக்கியில் இருந்து என்ன வந்தது என்பதற்குச் சாட்சியே இல்லாமல் போகும்.

'இமேஜ்' என்றால் போட்டோவா?

இல்லை. ஒரு முழு டிஸ்க்கின் அச்சு அசல் நகல். கார்டின் முதல் பைட்டில் இருந்து கடைசி வரை எது எங்கே இருக்க வேண்டுமோ, அதை அப்படியே ஒரே ஃபைலாகக் கட்டி வைத்திருப்பார்கள். அதை மெமரி கார்டில் சாதாரணமாக 'காப்பி - பேஸ்ட்' செய்தால் வேலை செய்யாது. ராஸ்பெர்ரி பை இமேஜர், பலேனா எட்சர் மாதிரி ஒரு மென்பொருளால் 'எழுத' வேண்டும். லினக்ஸ்காரர்கள் 'டிடி' என்ற இரண்டெழுத்துக் கட்டளையில் முடித்துவிடுவார்கள். கார்டின் பெயருக்குப் பதில் சொந்த ஹார்டு டிஸ்க்கின் பெயரைத் தவறி அடித்தால், "நிஜமாவா?" என்று ஒரு வார்த்தை கேட்காமல் அதை அழித்துவிடும் கட்டளை அது. 'டிஸ்க் டெஸ்ட்ராயர்' என்று அதற்குப் பட்டப்பெயர் வந்தது சும்மா இல்லை.

லேப்டாப்பில் போடும் லினக்ஸை இதில் போட முடியாதா?

முடியாது. லேப்டாப்பை ஆன் செய்ததும் பயாஸ் அல்லது யூஇஎஃப்ஐ என்ற உள்மென்பொருள் எழுந்து, "ரேம் இவ்வளவு, டிஸ்க் இங்கே, கீபோர்டு அங்கே" என்று லினக்ஸுக்குச் சொல்லிவிடும். அதனால் ஒரே பென் டிரைவை எந்தக் கம்பெனி லேப்டாப்பில் செருகினாலும் ஓடும். பெரும்பாலான ஆர்ம் போர்டுகளில் இப்படிச் சொல்ல ஆள் கிடையாது.

புது வாடகை வீட்டுக்குப் போகிறோம். ஹாலில் பன்னிரண்டு சுவிட்ச். எது ஃபேன், எது வாசல் லைட், எது மோட்டார் என்று தெரியாது. வீட்டுக்காரர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டால் பிரச்சினை இல்லை. ஆர்ம் போர்டில் அந்தத் தாளுக்குப் பெயர் 'டிவைஸ் ட்ரீ'. நெட்வொர்க் சிப் எந்த முகவரியில் இருக்கிறது, கார்டு ஸ்லாட்டுக்கு எத்தனை வோல்ட், எந்தப் பின்னில் எந்த விளக்கு என எல்லாம் அதில் இருக்கும். தாள் மாறிப்போனால் மோட்டார் சுவிட்சைப் போட்டு லைட் எரியவில்லையே என்று நிற்கிற கதைதான். லினக்ஸ் முழுசாக எழுந்திருக்கும், நெட்வொர்க் மட்டும் செத்துக் கிடக்கும்.

இந்தத் தாள் எல்லோருக்கும் பொதுவான முறையாக ஆனதே ஒரு சண்டைக்குப் பிறகுதான். ஒவ்வொரு கம்பெனியும் தன் போர்டின் விவரத்தை லினக்ஸ் கெர்னல் கோடுக்குள்ளேயே எழுதித் திணித்துக்கொண்டிருந்தது. 2011-ல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் ஆர்ம் பக்கத்து ஆட்களை வெளிப்படையாகத் திட்டித் தீர்த்தார். அதன் பிறகே ஆர்ம் உலகம் மொத்தமாக டிவைஸ் ட்ரீக்கு மாறத் தொடங்கியது.

சரி, தாள் சரியாக இருந்தால் போதுமா? அதற்கு முன்னாடி லினக்ஸைத் தட்டி எழுப்ப 'பூட்லோடர்' வேண்டும். அதை எங்கே தேடுவது என்பதிலும் ஒவ்வொரு சிப்புக்கும் ஒவ்வொரு பழக்கம். ஆல்வின்னர் சிப் கார்டின் தொடக்கத்தில் இருந்து 8 கேபி தள்ளித் தேடும். ராக்சிப் 32 கேபி தள்ளித் தேடும். ராஸ்பெர்ரி பையில் இன்னும் விநோதம்: முதலில் விழிப்பது ஆர்ம் பிராசசர் இல்லை, படம் காட்டும் கிராஃபிக்ஸ் பகுதி. அதுதான் ஃபைல்களைப் படித்து, பிறகு ஆர்மை எழுப்புகிறது. ஒரு போர்டுக்கான கார்டை வேறு போர்டில் செருகினால் கும்மிருட்டாக இருப்பது இதனால்தான்.

எப்படிக் கட்டுகிறார்கள்?

இரண்டு வழி. கடையில் பாக்கெட் மாவு வாங்கி தோசை சுடுவது ஒன்று. அரிசி, உளுந்து ஊறப் போட்டு நாமே அரைப்பது இன்னொன்று.

பாக்கெட் மாவு என்றால் டெபியன். ஏற்கெனவே ஆர்முக்குத் தயாராக இருக்கும் ஆயிரக்கணக்கான மென்பொருள் பொட்டலங்களில் வேண்டியதை மட்டும் எடுத்து அடுக்குவது. ராஸ்பெர்ரி பை ஓஎஸ் இப்படி வருவதுதான். பலவகை போர்டுகளுக்கு இமேஜ் கட்டித் தரும் 'ஆர்ம்பியன்' திட்டமும் டெபியன், உபுண்டு மேல் நிற்கிறது. சென்னை சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ் நினைவிருக்கலாம். கம்ப்யூட்டர்களுக்கான அதற்கும் அடிப்படை டெபியன்தான்.

நாமே அரைப்பதற்கு 'யாக்டோ', 'பில்ட்ரூட்' என்ற கருவிகள் உண்டு. ஒவ்வொரு மென்பொருளையும் மூலக் கோடில் இருந்து கட்டும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, யாக்டோவில் ஒவ்வொரு மென்பொருளுக்குமான குறிப்புக்குப் பெயரே 'ரெசிபி'. சமைக்கும் கருவியின் பெயர் 'பிட்பேக்'. முதல் முறை கட்ட நூறு ஜிபிக்கும் மேல் டிஸ்க் இடம் கேட்கும், மணிக்கணக்கில் ஓடும். ஆனால் கடைசியில் கிடைப்பது தேவையில்லாத ஒரு ஃபைல் கூட இல்லாத சின்ன இமேஜ். இவ்வளவையும் குட்டி போர்டில் ஓட்டினால் விடிந்துவிடும். அதனால் பெரிய கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஆர்முக்கான கோடை உருவாக்குவார்கள். இதற்கு 'கிராஸ் கம்பைல்' என்று பெயர்.

நாற்பது பெட்டிக்கு எந்த வழி? அளவீடு எடுத்து அனுப்புவது மட்டும்தான் வேலை என்றால் டெபியன் போதும் என்பதே நம் கருத்து. பாதுகாப்பு அப்டேட் தானாக வந்துகொண்டிருக்கும். யாக்டோவில் அதையும் நாம்தான் தேடித் தேடிப் போட வேண்டும். ஆயிரக்கணக்கில் விற்கப்போகும் சொந்தத் தயாரிப்பு என்றால் யாக்டோ பக்கம் போகலாம்.

இமேஜுக்குள் போகும் சின்ன விஷயங்களில்தான் நம்ம ஊர் கோட்டை விடுகிறது. நேரம் இந்திய நேரமாக இருக்க வேண்டும். திரை இருந்தால் தமிழ் எழுத்துரு வேண்டும். அது இல்லாத இமேஜில் 'அவசர நிறுத்தம்' என்ற இடத்தில் வெறும் கட்டம் கட்டமாகத் தெரியும். கும்மிடிப்பூண்டி ஆலைகளில் வேலை பார்ப்பவர்களில் பீகார், ஒடிசாக்காரர்களும் கணிசம். எச்சரிக்கை காட்டும் திரை என்றால் இந்தி, ஒடியா எழுத்துருவையும் சேர்த்துவிடுவது நல்லது. சில எம்பி இடம்தான் போகும்.

ஒரு கார்டை நாற்பதாக நகல் எடுத்தால் என்ன?

இது பரவலாக நடக்கிற தப்பு. ஒரு கார்டில் எல்லாவற்றையும் ஓட வைத்துவிட்டு, "சூப்பர், இதையே காப்பி போடு" என்பார்கள். இமேஜ் கட்டுவதற்குப் பதில் நகல் எடுப்பது.

தொலைவில் இருந்து உள்ளே நுழையப் பயன்படும் எஸ்எஸ்ஹெச் வசதிக்கு ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனி ரகசியச் சாவி உண்டு. நகல் எடுத்தால் நாற்பதுக்கும் ஒரே சாவி. ஒரு கார்டு திருடு போனால், மீதி முப்பத்தொன்பதில் எதன் வேஷத்தையும் ஒருவர் போட முடியும். பாஸ்வேர்டும் ஒன்றே என்றால் கதவே திறந்த மாதிரி. கம்ப்யூட்டரின் அடையாள எண்ணும் ஒன்றாகிவிடுவதால், சில அமைப்புகளில் இரண்டு பெட்டிகளுக்கு ஒரே நெட்வொர்க் முகவரி கிடைத்து, ஒன்று வேலை செய்தால் மற்றது காணாமல் போகும் கூத்தும் நடக்கும். முறையாகக் கட்டிய இமேஜில் இவை காலியாக இருக்கும். முதல் முறை ஆன் ஆகும்போது ஒவ்வொரு பெட்டியும் தனக்கானதைத் தானே உருவாக்கிக்கொள்ளும்.

ஒரு சின்ன பெட்டியை யார் வந்து ஹேக் பண்ணப் போறாங்க என்று கேட்கலாம். 2016-ல் 'மிராய்' என்ற தீம்பொருள், தொழிற்சாலையில் இருந்து வந்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்து, அமெரிக்காவில் பெரிய பெரிய இணையதளங்களையே முடக்கியது. 2018-ல் நாசாவின் ஜெட் ஆய்வுக்கூடத்தில், அனுமதி வாங்காமல் நெட்வொர்க்கில் மாட்டியிருந்த ஒரு ராஸ்பெர்ரி பை வழியாக நுழைந்து சுமார் 500 எம்பி தகவலைத் திருடினார்கள். நாசாவின் தலைமை ஆய்வாளர் அலுவலகமே 2019 அறிக்கையில் இதைச் சொன்னது. எல்லோருக்கும் தெரிந்த ஒரே யூசர்நேம், பாஸ்வேர்டோடு வருவதை ராஸ்பெர்ரி பை ஓஎஸ் 2022 ஏப்ரலில்தான் நிறுத்தியது. அதற்கு முந்தைய இமேஜில் ஓடும் பெட்டி உங்கள் ஆலையில் இருந்தால், பாஸ்வேர்டு மாற்றியாச்சா என்று இன்றைக்கே பார்த்துவிடுவது நல்லது.

சோதனை எப்படி நடக்கும்?

முதலில் போர்டே இல்லாமல், 'கியூஎமு' என்ற மென்பொருளில் ஒரு கற்பனை ஆர்ம் கம்ப்யூட்டரை உருவாக்கி அதில் இமேஜை ஓட்டிப் பார்க்கலாம். மென்பொருள் பிழைகள் இதிலேயே சிக்கும். ஆனால் உங்கள் போர்டின் டிவைஸ் ட்ரீ சரியா, வைஃபை எழுகிறதா என்பதெல்லாம் நிஜ போர்டில்தான் தெரியும்.

நிஜ போர்டில் கண் மாதிரி இருப்பது சீரியல் ஒயர். திரையில் எதுவும் வருவதற்கு முன்பே, மூன்று ஒயர் வழியாக போர்டு "இதைத் தேடினேன், கிடைக்கவில்லை" என்று எழுத்தில் சொல்லிக்கொண்டே வரும். வேகம் பெரும்பாலும் 115200. இந்த ஒயரை மாட்டாமல் "பூட் ஆகலை" என்று புலம்புவது, காய்ச்சல் பார்க்காமலே மாத்திரை தருவது போல. ஒரு எச்சரிக்கை: இந்தப் பின்கள் 3.3 வோல்ட். 5 வோல்ட் ஒயரை மாட்டினால் போர்டு நிஜமாகவே புட்டுக்கும்.

சோதிப்பவருக்கு உதவும் இதே பின் திருடனுக்கும் உதவும். சிசிடிவி கேமராக்களும் பெரும்பாலும் ஆர்ம், லினக்ஸ் கருவிகளே. அவற்றுக்கு மத்திய அரசு கொண்டுவந்த கட்டாயப் பாதுகாப்புச் சோதனை 2025 ஏப்ரல் 9-ல் அமலுக்கு வந்தது. இப்படிப்பட்ட சோதனைப் பின்கள் பூட்டப்பட்டிருக்கிறதா என்பதும் அதில் பார்க்கப்படுகிறது.

அடுத்ததுதான் நம் ஆரம்பக் கதை: கரண்ட் சோதனை. ஒரு ரிலே வைத்து, போர்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே படக்கென்று மின்சாரத்தை நிறுத்தி, திரும்பக் கொடுக்க வேண்டும். ஒரு முறை, இரண்டு முறை இல்லை. இரவெல்லாம், நூற்றுக்கணக்கான முறை. ஒவ்வொரு முறையும் பெட்டி எழுந்ததா என்று இன்னொரு கம்ப்யூட்டர் குறித்துக்கொள்ளும். மெமரி கார்டு ஒரு சின்னத் தகவலை மாற்றுவதற்குக்கூட உள்ளே ஒரு பெரிய தொகுதியை அழித்து எழுத வேண்டி வரும். அந்த நொடியில் கரண்ட் போனால், சம்பந்தமே இல்லாத பக்கத்து ஃபைலும் சேர்ந்து போகும்.

இதற்கு மருந்து இமேஜிலேயே இருக்கிறது. ஓஎஸ் இருக்கும் பகுதியை 'படிக்க மட்டும்' என்று பூட்டிவிடலாம். மாற்றமெல்லாம் ரேமில் நடக்கும், அளவீடுகள் மட்டும் தனிப் பகுதியில் எழுதப்படும். எழுதாத பகுதி கெடுவது அபூர்வம். ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸில் இது அமைப்புகளுக்குள்ளேயே ஒரு தேர்வாக இருக்கிறது. ஏனோ பலர் தொடுவதில்லை. அப்டேட்டின் நடுவில் கரண்ட் போனால்? ஓஎஸ்ஸுக்கு இரண்டு அறை ஒதுக்குவார்கள். ஒன்றில் ஓடிக்கொண்டே மற்றதில் புதியதை எழுதி, சரியாக எழுந்தால் மட்டும் அதற்கு மாறும். இல்லையென்றால் பழைய அறைக்கே திரும்பிவிடும். மென்டர், ராக் போன்ற திறந்தமூலக் கருவிகள் இதைச் செய்கின்றன.

வெயில் இன்னொரு எதிரி. கோடையில் நாற்பது டிகிரியைத் தாண்டும் ஊர்களின் பட்டியலில் திருத்தணி அடிக்கடி வரும். அந்த நாளில், ரோலிங் மில் பக்கத்தில், மூடிய பேனல் பெட்டிக்குள் எவ்வளவு இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ராஸ்பெர்ரி பை 80 டிகிரியை நெருங்கினால் தன் வேகத்தைத் தானே குறைக்கும். 85-ல் இன்னும் இறுக்கிப் பிடிக்கும். மின் அழுத்தம் சுமார் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனாலும் அது ஒரு குறிப்பு எழுதி வைக்கும். மலிவான போன் சார்ஜரில் ஓட்டுபவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. ஏசி ரூமில் பாஸான இமேஜை அப்படியே ஆலைக்கு அனுப்பாமல், ஒரு வாரமாவது மூடிய பெட்டியில், முழு வேகத்தில் ஓட விட்டுப் பார்ப்பது அதனால்தான்.

கார்டையும் சோதிக்க வேண்டும். 64 ஜிபி என்று மேலே அச்சடித்து, உள்ளே 8 ஜிபி மட்டும் இருக்கும் போலி கார்டுகள் சந்தையில் உண்டு. எழுதி, திரும்பப் படித்துப் பார்த்தால் ஒழியக் கண்டுபிடிப்பது கஷ்டம். 'எஃப்3' என்ற இலவசக் கருவி இந்த ஒரு வேலைக்காகவே இருக்கிறது.

கடிகாரம் ஏன் முக்கியம்?

ராஸ்பெர்ரி பை 4 வரை போர்டில் பேட்டரிக் கடிகாரம் கிடையாது. 5-ல்தான் கடிகாரம் வந்தது, அதற்கும் பேட்டரியை நாம் தனியாக வாங்கி மாட்ட வேண்டும். கரண்ட் போய், நெட்டும் இல்லாமல் எழுந்தால், கடைசியாகக் குறித்து வைத்த நேரத்தில் இருந்தே எண்ணத் தொடங்கும். மதியம் 3 மணிப் புகை, 1 மணிக் கணக்கில் பதிவாகும். அதனால் நெட் ஒயரைப் பிடுங்கிவிட்டு ஆன் செய்து பார்ப்பதும் ஒரு சோதனை. இருநூறு, முன்னூறு ரூபாய் கடிகார மாட்யூல் ஒன்றைச் சேர்த்து, டிவைஸ் ட்ரீயில் ஒரு வரி எழுதினால் வேலை முடிந்தது.

இதைவிடப் பெரிய கடிகாரப் பிரச்சினை ஒன்று வரிசையில் நிற்கிறது. பழைய 32 பிட் லினக்ஸ், 1970 ஜனவரி 1-ல் இருந்து விநாடிகளை எண்ணி வருகிறது. அந்த எண்ணிக்கைக்கு ஒதுக்கிய இடம் 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, இந்திய நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடிக்கு நிரம்பிவிடும். அடுத்த விநாடி, அந்தப் பெட்டிக்கு 1901-ம் ஆண்டு. பொங்கல் லீவு முடிந்து ஷிஃப்ட் தொடங்கியிருக்கும் நேரம். 2038 ரொம்ப தூரம் என்று தோன்றலாம். ஆனால் ஆலையில் ஒரு பேனலை மாட்டினால் பதினைந்து, இருபது வருஷம் யாரும் திறப்பதில்லை.

2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13, 32 பிட் ஆர்மிலும் இந்த எண்ணிக்கையை 64 பிட்டுக்கு மாற்றிவிட்டது. 64 பிட் இமேஜில் பொதுவாகவே இந்தச் சிக்கல் இல்லை. சில ராஸ்பெர்ரி பைகளில் கெர்னல் மட்டும் 64 பிட்டாக இருந்து, மற்றதெல்லாம் 32 பிட்டாக ஓடும் என்பதால் கெர்னல் பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. 'கெட்கான்ஃப்' என்று அடித்து, ஓர் இடம் விட்டு, 'லாங் பிட்' என்பதைப் பெரிய எழுத்தில், நடுவில் அடிக்கோட்டுடன் அடித்தால் ஒரே ஒரு எண் வரும். 32 என்று வந்து, உள்ளே இருப்பது டெபியன் 13-க்கு முந்தைய இமேஜ் என்றால், அந்தப் பெட்டிக்கு இமேஜ் மாற்ற வேண்டிய தேதி உங்களுக்குத் தெரிந்துவிட்டது.